மஞ்சள் எனாமல் தூக்கு

செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைக்கக் கூடாது. பலரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் இதழ்களைப் போட வேண்டும். முதலில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கண் முன்னாலேயே சிவக்கும். அப்படியே மூடி வைத்துவிட்டு, காலையில் வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் வீட்டில் என்றால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு முறை நடந்து திரும்புவதற்குள் எந்த விஷயத்தையும் யோசித்து முடித்துவிடுவேன். இங்கே நாலு எட்டில் சுவர் வந்துவிடுகிறது. பரவாயில்லை.

நானாகவே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேற்று அதிகாரிகள் வந்து என் பொட்டலங்களையெல்லாம் மூட்டை கட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். நாச்சியாபுரத்தில் எனக்குப் பூ தருகிற பெத்தனை வேறு கூப்பிட்டு, தோட்டத்தில் என்ன உரம் போட்டாய், என்ன மருந்து அடித்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சாணி உரத்தைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர். இதழை நிழலில் உலர்த்தி, வெள்ளை வேட்டியில் கட்டிக் கொண்டுவருவார். அவர் பூவில் ஒன்றும் இல்லை. என் பொட்டலங்களிலும் ஒன்றும் இல்லை. ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை. இந்த ஊரில் நான் கட்டிக் காப்பாற்றிய பெயர் அது. யார் என்ன சொன்னாலும் அது கெடக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றது எல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

என் பெயர் வள்ளிக்கண்ணு. கல்லூரியில் வேதியியல் படித்தவள். படித்த படிப்பு கல்யாணத்துக்குப் பிறகு ரசத்தில் உப்புப் பார்க்கத்தான் பயன்பட்டது. என் கணவர் வீரப்பன் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் கை சும்மா இருக்கவில்லை எனக்கு. பூட்டிக் கிடக்கிற அறைகளைத் திறப்பேன், துடைப்பேன், மறுபடியும் பூட்டுவேன். பிறகுதான் இந்தச் செம்பருத்தியைத் தொடங்கினேன். உலர்ந்த இதழைப் பொட்டலம் போட்டுக் கொடுத்தேன். செக்காலை ரோட்டில் கடைகளில் வாங்கினார்கள். பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே வருகிற விருந்தாளிக்கு வாசலிலேயே ஒரு தம்ளர் கொடுத்தார்கள். நன்றாகத்தான் போயிற்று.

விஷ்வா எனக்கு ஒரே பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனிகள் சொன்ன காலத்தில் இங்கே வந்தான். இங்கிருந்தபடியே கல்யாணமும் ஆனது. பூஜா சென்னையில் வளர்ந்த பெண். நல்ல பெண். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஒரு நாளும் ஒரு சொல் கூடக் குறையாகப் போனதில்லை. அவளும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இரண்டு பேரும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, யார் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள். நடு முற்றத்தில் வெயில் விழும். நான் அங்குட்டும் இங்குட்டும் போய்க்கொண்டிருப்பேன். வீடு வீடாக இருந்தது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மகனுக்குக் கல்யாணமானால் சில மாதங்களில் அவனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவோம். சண்டை போட்டுப் பிரிகிற பிரிவு அல்ல. ஒரே வீடுதான், ஒரே வாசல்தான். ஆனால் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி உப்பு, தனிப் புளி. நல்ல நாள் பார்த்து, நாலு பெரியவர்களைக் கூப்பிட்டு, பால் காய்ச்சி அந்த அடுப்பைத் தொடங்கி வைப்போம். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று யாரோ விவரமாகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நானே அப்படித்தான் என் மாமியாரிடமிருந்து தப்பித்தேன்.

விஷ்வாவை வேறு வைத்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். என் நாத்தனார் செந்தாமரை வாய்த்துடுக்கானவள். பால் பொங்கியதும் நான் பழக்கத்தில் கரண்டியை எடுத்து அவர்கள் அடுப்பில் துழாவப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்டியைக் கீழ வைங்க ஆச்சி. இனிமே அது அவுக அடுப்பு. நீங்க விருந்தாளி. கூப்பிட்டாத்தான் சாப்பிட வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷ்வாவும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அன்று முதல் நான் எனக்கு மட்டும் உலை வைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் குழம்பு தீய்கிற வாடை வரும். இரண்டு பேரும் போனைப் பார்த்துச் சமைப்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் வேறு வைத்த பிள்ளைக்குச் சோறு கொண்டுபோகிற தாயைப் பற்றி ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

செம்பருத்தித் தண்ணீர் சோறு இல்லையே. அதை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். காலையில் ஒரு தூக்கில் ஊற்றி, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்து நிலைப்படியில் வைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் தூக்கு காலியாகத் திரும்பி வரும். என் அடுப்பிலிருந்து என் பிள்ளை வாய்க்குப் போனது அது ஒன்றுதான்.

அந்தத் தூக்கு எனக்கு வந்த சீர். மஞ்சள் எனாமல், விளிம்பில் பச்சைக் கோடு. அந்தக் காலத்தில் கப்பலில் வந்த சாமான். புளிப்பைப் பித்தளையில் வைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். புளிப்பு என்றால் எனாமல், இல்லாவிட்டால் ஜாடி. எலுமிச்சை பிழிந்த தண்ணீரை அதில் ஊற வைத்ததில் நான் தப்புச் செய்ததாக நீங்கள் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதில்தான் வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

விஷ்வாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் அப்போதுதான். வயிற்றை முறுக்கிப் பிடிக்கும். சோர்ந்து படுத்துக்கொள்வான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். நாக்கில் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது என்பான். செக்காலையில் ஒரு டாக்டர் அல்சர் என்றார். மதுரையில் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, மனசைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த நேரம் பார்த்து அவன் கம்பெனியில் எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த உடம்போடு எப்படிப் போவது? தள்ளிப்போட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வலி வந்தால் அவன் என் பக்கத்துக் கட்டிலில் வந்து படுப்பான். பூஜா மீட்டிங்கில் இருப்பாள். நான் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிவிடுவேன். கஞ்சி வைத்துக் கொடுப்பேன். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சின்னப் பையனாக இருந்தபோது செய்த மாதிரி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்குவான். அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கால் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு அந்த ஓட்டல்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். உலர்ந்த பூவோடு, ஊறவைத்த தண்ணீரையும் பாட்டிலில் அடைத்துக் கொடுங்கள், ஆனால் பரிசோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும் என்றார்கள். நான் இரண்டையும் மதுரையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். சில நாள் கழித்து அங்கிருந்து தீபலட்சுமி என்று ஒரு பெண் போன் செய்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண்ணாம். நம் பேச்சுதான் பேசினாள்.

"ஆச்சி, உங்க பூவுல ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. தண்ணியிலதான் ஈயம் எக்கச்சக்கமா இருக்கு. காட்மியமும் இருக்கு. எதுல ஊற வைக்கிறீக?"

ஈயம் பூசின பாத்திரத்தில் இல்லை, எனாமலில்தான் என்றேன்.

"பழைய எனாமலா? என்ன கலரு?"

மஞ்சள் என்றேன். அந்த மஞ்சளே அதுதான் ஆச்சி என்றாள். பழைய பூச்சில் ஈயமும் காட்மியமும் சேர்த்திருப்பார்கள், எலுமிச்சைப் புளிப்பு அதை ராத்திரியெல்லாம் கரைத்து இறக்கிவிடும் என்றாள். ஈயம் உள்ளே போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் வெளியே வராது என்றாள். வயிற்று வலி, சோர்வு, மறதி, கோபம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் தூணில் சாய்ந்திருந்த என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல யாரும் அதைக் குடிக்கலையே ஆச்சி?"

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அறியாத ஒரு பெண்ணிடம், என் பிள்ளைக்கு நானே கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? விஷ்வாவிடம் அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் தலைவலி என்று படுத்துவிட்டான். மறுநாள் பூஜாவின் அம்மா வந்திருந்தார். சம்பந்தி முன்னால் இதையெல்லாம் பேச முடியுமா? அப்படியே போயிற்று.

ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தேன். தூக்கைக் கழுவித் துடைத்து, சாமான் அறையில் பூட்டி வைத்தேன். ஸ்டீல் பாத்திரம் வாங்கினேன். பாட்டில் தண்ணீரை மறுபடியும் பரிசோதனை செய்ய வைத்தேன், சுத்தம் என்று வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை பூ வந்தபோதும் அனுப்பிப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் இவ்வளவு கவனமாக யாரும் செய்ய மாட்டார்கள். விஷ்வாவுக்கும் ஸ்டீல் தூக்கில்தான் போயிற்று.

அவனும் தேறினான். முகத்தில் ரத்தம் வந்தது. என் பக்கத்துக் கட்டில் காலியாயிற்று. தாய்க்கு இதைவிட என்ன சந்தோஷம்? எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நாள் மத்தியானம், நான் இதழ் ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஆத்தா, பெங்களூர்ல வீடு பாத்தாச்சு. ஆடி கழிச்சுக் கிளம்புறோம். நீங்களும் வந்து இருங்களேன்."

வந்து இருங்கள் என்று அவன் சொன்ன விதம் இருக்கிறதே, அது செந்தாமரை சொன்ன விருந்தாளிதான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத் தெரியும். அங்கே எனக்கு ஒரு தனி அறை, பால்கனியில் ஒரு நாற்காலி. மற்றவர்கள் அடுப்பில் வெந்ததைத் தட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டும். நான் பார்க்கலாம் என்றேன்.

அவர்கள் அட்டைப் பெட்டி வாங்கி வந்தார்கள். அவர்களை வேறு வைத்தபோது நான் கொடுத்த பாத்திரத்தில் பாதியை, அங்கே இதெல்லாம் இடத்தை அடைக்கும் அத்தை என்று பூஜா எடுத்து என் பக்கம் வைத்தாள். எனக்குக் கால் நிற்கவில்லை. வெறுமனே இருந்த அறைகளையெல்லாம் திறந்து பெருக்கினேன். கருப்பம்மாள் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். அவள் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு, "ஏன் ஆச்சி இப்படிக் கெடந்து அல்லாடுறீக, பேய் கீய் அடிச்சிருச்சா" என்று கேட்டாள். சாமான் அறையையும் பெருக்கினேன். தூக்கு அங்கேதான் இருந்தது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒன்றும் விஷம் வைக்கவில்லை. என் மகனுக்கு ஒரு கெடுதல் வர நான் நினைப்பேனா? அவன் இங்கே இருந்தால் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். அங்கே போனால் அந்த ஊர்க் குளிரும் கடைச் சாப்பாடும் அவனை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். கொஞ்சம் வலி வந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். அதற்குள் கம்பெனி மனசு மாறலாம். நான் வேதியியல் படித்தவள். எவ்வளவு நேரம் ஊறினால் எவ்வளவு இறங்கும் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு. முன்பு தெரியாமல் ராத்திரியெல்லாம் ஊறவைத்தேன். இப்போது விடியலில் போட்டு வெயில் ஏறும் முன் வடிகட்டினேன். எலுமிச்சையும் பாதிதான். தெரிந்து கொடுக்கிறபோது அளவு இருக்கிறது பாருங்கள். தெரியாமல் கொடுத்ததைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது. வடிகட்டியதை ஸ்டீல் தூக்கில் மாற்றித்தான் கொண்டுபோய் வைத்தேன்.

ஆடிக்குள் வலி திரும்பிவிட்டது. அட்டைப் பெட்டிகளைப் பூஜா மடித்து வைத்தாள். விஷ்வா திரும்பவும் என் கட்டிலுக்கு வந்தான். கம்பெனி மனசு மாறவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் அழுதான். நான் தலையைக் கோதிவிட்டேன். வேலை போனால் என்ன, நமக்கு இல்லாததா என்றேன். பூஜா அவள் வேலையை இங்கிருந்தே பார்க்க அனுமதி வாங்கி வைத்திருந்தாள். அவளுக்கு வேறு நாள் தள்ளிப் போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னபோது நான் அவளைக் கட்டிக்கொண்டேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று.

விஷ்வா படுத்துக் கிடந்தவன், சில வாரங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கணக்குப்படி அப்படி ஆகக் கூடாது. ஒரு வேளை இன்னும் கொஞ்ச நேரம் ஊற வேண்டுமோ என்று நினைத்து மறுபடியும் முதல் நாள் சாயங்காலமே போட்டு வைத்தேன். அவன் இன்னும் தேறினான். பூஜாதான் வெளுத்துக்கொண்டே போனாள். பிள்ளைத்தாய்ச்சி வெளுப்பு என்று நினைத்தேன். அப்படி நினைக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. டாக்டர் கூட அப்படித்தான் சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்.

ஒரு நாள் அவள் காலி தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கமாக நிலைப்படியிலேயே வைத்துவிடுவாள். அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க பிள்ளை இதைத் தொடுறதே இல்ல. குமட்டுதாம், கொல்லையில ஊத்தப் போனாரு. எனக்கு மனசு கேக்கல. நீங்க பாத்துப் பாத்துச் செய்றீங்க. நான்தான் மூணு மாசமா முழுசையும் குடிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்க அம்மா கூட எனக்கு இப்படித் தினமும் கொடுத்ததில்லை அத்தை என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். எழுதுங்கள். நான் மறைக்க வரவில்லை.

அவள் போன பிறகு நான் வீட்டைச் சுற்றி நடந்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு, திரும்ப முகப்பு. தீபலட்சுமி போனில் சொன்னதில் இதுவும் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் தாய் குடிப்பது பிள்ளைக்கும் போகும் என்று சொல்லியிருந்தாள். அது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. எனக்கு மறதி கிடையாது. நிறுத்திவிட வேண்டும் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். ஆனால் நிறுத்தினால் பூஜா கேட்பாள். நான் சொன்னதனால்தான் அத்தை கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார் என்று நினைப்பாள். அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? ஸ்டீலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். அதையும் யோசித்தேன்.

அன்று காலையில்தான் விஷ்வா இன்னொன்றும் சொல்லியிருந்தான். உடம்பு நன்றாக இருக்கிறது, பெங்களூரில் வேறொரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றான். பூஜாவை ஏழாம் மாதம் சென்னைக்கு அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவன் போய்விடுவான். தலைப்பிரசவம் தாய் வீட்டில், அது முறைதான். பிறகு குழந்தையோடு மூன்று பேரும் அங்கேயே.

நான் மறுபடியும் ஒரு சுற்று நடந்தேன். பிறகு தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கினேன். சூடு தணிந்ததும் இதழைப் போட்டேன். எலுமிச்சம்பழம் முழுசாகப் பிழிந்தேன். சீரில் வந்த அந்தத் தூக்கில்தான்.

நான் நினைத்தபடியே ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. பயணம் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பந்தி அம்மா இங்கே வந்து தங்கினார். விஷ்வா அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டான். நான் எல்லோருக்கும் சமைத்தேன். படுத்திருக்கிறவளை யார் சமைக்கச் சொல்வது? அவர்கள் அடுப்பை அணைத்து வைத்துவிட்டோம். மாசக்கணக்கில் அந்த வீட்டில் ஒரே அடுப்பு எரிந்தது. எல்லோரும் என் கையால் சாப்பிட்டார்கள். பூஜா ஒரு வேளை கூடக் குறை சொன்னதில்லை. தம்ளரை வாங்கும்போதெல்லாம் தாங்க்ஸ் அத்தை என்பாள்.

குழந்தை முந்திப் பிறந்துவிட்டது. பெண். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கை முழுசும் என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறது. அங்கே ஒரு டாக்டருக்குப் பூஜாவின் ரத்தத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்து, அவளுக்கும் விஷ்வாவுக்கும் குழந்தைக்கும் ஈயம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று பேருக்கும் இருந்தது. பிறகு கேள்வி மேல் கேள்வி. என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து, என்ன பாத்திரம். பூஜா படுக்கையில் கிடந்தபடி செம்பருத்தியைச் சொல்லியிருக்கிறாள். குற்றமாகச் சொல்லவில்லை. அத்தை தினமும் கொடுத்தார்கள், அது நல்லதுதானே என்று கேட்டாளாம்.

விஷ்வா வராந்தாவில் என் எதிரில் வந்து நின்றான். அவன் குரல் உயரவில்லை.

"ஆத்தா, உங்களுக்கும் ரத்தம் எடுக்கணுமாம். நீங்களும்தானே அதைக் குடிக்கிறீக?"

எனக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கலங்கிப் போயிருக்கிறான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள்.

இதுதான் நடந்தது. தூக்கு எங்கள் வீட்டுச் சாமான் அறையில், கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சாவி இதோ. எடுத்துப் பாருங்கள், பரிசோதனை செய்யுங்கள். பெத்தனை விட்டுவிடுங்கள். பொட்டலங்களின் சீலை எடுத்துவிடுங்கள். அது சுத்தமான சரக்கு. நான் தெரிந்தே கொடுத்தேன், என் மகனுக்கும் மருமகளுக்கும், அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், அம்மா. குழந்தைக்கு ரத்தம் அடிக்கடி பார்க்க வேண்டுமாம். வளர வளர நடையும் பேச்சும் தாமதமாகலாமாம், வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்க்க வேண்டுமாம். பூஜாவுக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை. இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இனி எந்த ஊருக்கும் போக முடியாது. வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். என்னை விட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?